60 டீசல் பேருந்துகளுக்குப் பதில் மின்பேருந்து: விளைவு அறிக்கையில் எதையெல்லாம் அளக்க வேண்டும்?

பாதைசாரி (கேள்வி)

வணக்கம். ஒரே டிப்போவில் இருந்து ஓடும் 60 டீசல் பேருந்துகளை மின்பேருந்துகளாக மாற்றும் திட்டத்துக்குச் சமூக, சுற்றுச்சூழல் விளைவு அறிக்கை எழுத வேண்டியிருக்கிறது. எல்லாமே 12 மீட்டர் வண்டிகள். பாதி யூரோ 3, மீதி யூரோ 6 (புகை வரம்புத் தரநிலைகள், 3 பழையது, 6 புதியது, கடுமையானது). ஒரு வண்டி நாளைக்குச் சராசரியாக 200 கி.மீ., வருடத்தில் 330 நாள் ஓடுகிறது, 100 கி.மீ.க்கு 40 லிட்டர் டீசல். வரப்போகும் வண்டியில் 300 யூனிட் எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி. டிப்போவில் வண்டிக்கு ஒன்றாக 120 கிலோவாட் சார்ஜர்.

தயாரிப்பாளரின் கையேட்டில் "பூஜ்ய உமிழ்வு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அதை அப்படியே எடுத்துப்போட மனம் ஒப்பவில்லை. எனக்குத் தெரிய வேண்டியவை:

மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியில் இருந்து வரும் இடத்தில் கார்பன் கணக்கை நேர்மையாகப் போடுவது எப்படி? காற்றும் இரைச்சலும் மாறியதை எங்கே, எதை வைத்து அளப்பது? தொழிலாளர்கள், பயணிகள், டிப்போ பக்கத்தில் குடியிருப்பவர்கள் ஆகியோரில் யாருக்கு நட்டம்? இத்தகைய அறிக்கைகளில் வழக்கமாக விட்டுப்போவது எது?

---

கணக்கன்

கார்பனை மட்டும் சொல்கிறேன். யூனிட் என்றால் எல்லா இடத்திலும் கிலோவாட் மணி.

டீசல் பக்கம்: ஒரு லிட்டர் எரிந்தால் 2.68 கிலோ கரியமில வாயு. 100 கி.மீ.க்கு 40 லிட்டர் என்றால் கி.மீ.க்கு 1.07 கிலோ. கச்சா எண்ணெயை எடுத்து, சுத்திகரித்து, பங்க் வரை கொண்டுவருவதற்குச் சுமார் 20 சதவீதம் சேர்த்தால் 1.3 கிலோ.

மின் பக்கம்: ஏசி ஓடாத 12 மீட்டர் வண்டி நகரத்தில் கி.மீ.க்கு 1.3 யூனிட் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். சார்ஜரிலும் பேட்டரியிலும் 10 சதவீதம் போகும், ஆகவே மீட்டரில் 1.45. மின்கம்பி இழப்பு இன்னொரு 10 சதவீதம் என்றால் மின்நிலைய வாசலில் 1.6 யூனிட். டீசலுக்கு எண்ணெய்க் கிணற்றில் இருந்து கணக்கு வைத்துவிட்டு மின்சாரத்துக்கு டிப்போ மீட்டரில் இருந்து தொடங்குவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. இரண்டுக்கும் ஒரே இடத்தில் கோடு கிழியுங்கள்.

இனி உங்கள் மின்தொகுப்பு (மின்நிலையங்களும் கம்பிகளும் சேர்ந்த வலையமைப்பு) யூனிட்டுக்கு எவ்வளவு கரியமில வாயு விடுகிறது என்பதைப் பொறுத்து:

யூனிட்டுக்கு 0.8 கிலோ: கி.மீ.க்கு 1.29. டீசலுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை.
0.5 கிலோ: கி.மீ.க்கு 0.81. மிச்சம் 0.49.
0.2 கிலோ: கி.மீ.க்கு 0.32. மிச்சம் 0.98.

இதற்கு மேல், பேட்டரியைத் தயாரிக்கும்போதே வெளியேறிய கரியமில வாயு என்ற கடன் ஒன்று இருக்கிறது. பேட்டரிக் கொள்ளளவின் ஒரு யூனிட்டுக்கு 75 கிலோ என்று எடுத்தால் (60 முதல் 100 வரை சொல்கிறார்கள், செல்லைத் தயாரித்த ஊரின் மின்சாரத்தைப் பொறுத்தது) 300 யூனிட் பேட்டரிக்கு 22.5 டன். 0.5 தொகுப்பில் 46,000 கி.மீ. ஓடினால் கடன் தீரும். உங்கள் வண்டி வருடத்துக்கு 66,000 ஓடுகிறது, ஆகவே எட்டு, ஒன்பது மாதம். 0.2 தொகுப்பில் நான்கு மாதம். 0.8 தொகுப்பில் தொகுப்பு மாறாதவரை தீராது. ஆனால் வண்டி 12 வருடம் ஓடும், தொகுப்பு அப்படியே நிற்காது. அதனால் ஒரே எண்ணைப் போடாமல் முதல் வருடம், ஆறாம் வருடம், பன்னிரண்டாம் வருடம் என மூன்று வரிசை போடுங்கள்.

எந்த நேரத்தில் சார்ஜ் போடுகிறீர்கள் என்பதும் முக்கியம். சூரிய மின்சாரம் நிறைய இருக்கும் இடத்தில் பகல் யூனிட்டும் நள்ளிரவு யூனிட்டும் ஒன்றல்ல. காலைக் கூட்டம் முடிந்து மாலைக் கூட்டம் தொடங்குவதற்குள் டிப்போவுக்குத் திரும்பும் வண்டிகளுக்கு ஒரு மணி நேரம் கன் (சார்ஜர் கேபிளின் கைப்பிடி) மாட்டினாலே 100 யூனிட் ஏறிவிடும். யூனிட்டுக்கு இத்தனை கிலோ என்ற நாள் முழுதுக்குமான சராசரியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இந்த ஆதாயம் அறிக்கையில் தெரியாது.

சார்ஜருக்காகக் காலியாக ஓடும் தூரத்தையும் சேருங்கள். பயணி இல்லாத 8 கி.மீ.யும் மின்சாரம் குடிக்கிறது.

---

புகைக்குழாய்

காற்று விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது, எந்தப் பாதியை முதலில் கழிக்கிறார்கள் என்பதை.

யூரோ 3 வண்டியில் துகள் வடிகட்டி கிடையாது. யூரோ 6 வண்டியில் உண்டு. அதன் துகள் வரம்பு, எஞ்சின் தரும் ஆற்றலின் ஒரு யூனிட்டுக்கு 0.01 கிராம். யூரோ 3 வண்டியை எடுத்தால் கிடைக்கும் துகள் ஆதாயத்தில் சிறு பங்குகூட யூரோ 6 வண்டியை எடுத்தால் கிடைக்காது. ஒப்பந்தம் முடியும் தேதியைப் பார்த்து யூரோ 6 வண்டிகளை முதலில் அனுப்பிவிட்டுப் பழையதைக் கடைசிவரை ஓட்டுகிற கதை உண்டு. அப்படிச் செய்தால் இத்தனை மாற்றத்துக்குப் பிறகும் நிறுத்தத்தில் நிற்பவர் மூக்குக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

யூரோ 6 பற்றியும் ஒரு எச்சரிக்கை. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் யூரியா கரைசல் அமைப்புக்குப் புகை 200 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். சராசரி 10, 12 கி.மீ. வேகத்தில் 300 மீட்டருக்கு ஒருமுறை நின்று போகும் தடத்தில் அந்தச் சூடு வருவதில்லை. அமைப்பு சரியாக வேலை செய்வதும் இல்லை. எனவே மின்பேருந்தை முதலில் விட வேண்டியது வேகமாகப் போகும் புறவழித் தடத்தில் அல்ல, நெரிசலில் ஊர்ந்து போகும் தடத்தில். ரீஜென் பிரேக்கும் (வேகம் குறையும்போது மோட்டாரே மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பும் பிரேக்) அங்கேதான் அதிகம் திரும்பத் தரும். புதிய வண்டியை எல்லோருக்கும் காட்டுவதற்காக அகலச் சாலைத் தடத்தில் முதலில் விடுவது வழக்கமாகிவிட்டது.

அளவீடு: நகரச் சராசரி பி.எம். 2.5 (காற்றில் உள்ள நுண்துகள்) எண்ணை நம்ப வேண்டாம். 60 பேருந்து மாறினால் அதில் எதுவும் அசையாது, பிறகு "பலன் இல்லை" என்று எழுத ஆள் இருக்கிறது. மாறுவது நிறுத்தத்திலும், முனையத்திலும், டிப்போ மதில் ஓரத்திலும்தான். அங்கே நைட்ரஜன் டை ஆக்சைடு பரவல் குழாய்களை (மின்சாரம் இல்லாமல் வாயுவை உறிஞ்சிவைக்கும் சிறு குழாய்கள், பிறகு ஆய்வகத்தில் அளக்கப்படும்)த் தெருவிளக்குக் கம்பத்தில் 2.5 மீட்டர் உயரத்தில், ஓர் இடத்துக்கு மூன்றாக, நான்கு வாரம் தொங்கவிடுங்கள். பேருந்தே வராத பக்கத்துத் தெருவிலும் ஒரு செட் வேண்டும். இல்லாவிட்டால் மழையால் குறைந்ததா, வண்டியால் குறைந்ததா என்று பிரிக்க முடியாது. மாற்றத்துக்கு முன் குறைந்தது இரண்டு பருவம், பின் அதே இரண்டு பருவம். கருவி வாங்க வசதி இருந்தால் கருங்கரி அளக்கும் கருவி பி.எம். 2.5-ஐவிட நல்லது, ஏனென்றால் டீசல் புகையின் கையெழுத்து அது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. அறிக்கையில் அந்த ஒரு வரி போதும், பக்கம் பக்கமாக வேண்டாம்.

"பூஜ்யம்" என்று எழுதவே கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் டயர். பிரேக் லைனிங் தூசி ரீஜெனால் நன்றாகக் குறையும். டயர் தேய்மானம் எடையாலும், நின்ற இடத்தில் இருந்தே வரும் முழு முறுக்கு விசையாலும் கூடும். டயர் மாற்றும் கி.மீ.யை இப்போதே பதிவேட்டில் இருந்து எடுத்து வையுங்கள்.

இரைச்சல்: மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் டயர் சத்தம்தான் பெரியது, இரண்டு வண்டிக்கும் ஒன்றுதான். வித்தியாசம் நிறுத்தத்தில் இருந்து கிளம்பும்போதும், நின்றபடி எஞ்சின் ஓடும்போதும். அதனால் 24 மணி நேரச் சராசரியை அளக்காமல், வண்டி கிளம்பும் கணத்தின் உச்ச அளவை, அதுவும் விடிகாலை முதல் டிரிப்புக்கு, நிறுத்தத்துக்கு எதிர்வீட்டு ஜன்னலில் அளந்து பாருங்கள்.

சத்தம் குறைவதில் நட்டப்படுபவர் பார்வையற்றோர். ஐ.நா. 138-ஆம் விதிப்படி 20 கி.மீ. வேகம் வரை வண்டி எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டும். டிரைவர் நிறுத்திவைக்கும் பொத்தானை அந்த விதியின் பிந்தைய திருத்தம் நீக்கிவிட்டது. கொள்முதல் ஆவணத்தில் திருத்தத் தொடரின் எண்ணையும் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் பொத்தானோடு வந்து நிற்கும்.

---

ஐவோல்ட்

டிப்போ பக்கம் நான் சொல்றேன்.

200 கி.மீ. × 1.3 = 260 யூனிட். சார்ஜர் இழப்போட மீட்டரில் 290. 60 வண்டிக்கு ஒரு ராத்திரிக்கு 17,400 யூனிட். ராத்திரி 11-லிருந்து 5 வரை ஆறு மணி நேரத்துல ஏத்தணும்னா சராசரி 2.9 மெகாவாட். ஆனா கடைசி டிரிப் முடிஞ்சு எல்லா வண்டியும் வந்த உடனே கன் மாட்டிட்டா 60 × 120 = 7.2 மெகாவாட் ஒரே நேரத்துல இழுக்கும். வரிசை வச்சு சார்ஜ் பண்ற மென்பொருள் இருந்தா 3.5 மெகாவாட்டுக்குள்ள அடக்கலாம். இல்லேன்னா இரண்டு மடங்கு டிரான்ஸ்பார்மர், இரண்டு மடங்கு கேபிள். மின் இணைப்பு வர்றதுக்கு வண்டி வர்றதைவிட அதிக நாள் ஆகும். வண்டி வந்து கன் இல்லாம வெயில்ல நிக்கிறதுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். இரண்டு வேறு துணை மின்நிலையத்துல இருந்து இரண்டு ஃபீடர் (மின்சாரம் கொண்டுவர்ற தனி லைன்) கேளுங்க. ஒரே ஃபீடர் போச்சுன்னா காலைல 60 வண்டியும் போச்சு.

அக்கம்பக்கத்துக்காரங்களுக்கு இதுல என்ன? டிப்போ தனி ஃபீடர்ல இல்லாம ஏரியா லைன்லயே தொங்கினா, அவங்க வீட்டு வோல்டேஜ் இறங்கும். இன்னொன்று, ராத்திரி சார்ஜ் ஆகும்போது பேட்டரி குளிரூட்டி ஃபேனும் சார்ஜர் ஃபேனும் ஓடிக்கிட்டே இருக்கும். 60 வண்டி ஃபேன் சேர்ந்தா பகல்ல தெரியாது, ராத்திரி 2 மணிக்கு நல்லாவே கேட்கும். சார்ஜர் கேபினெட்டை வீட்டுப் பக்க மதிலோரம் வைக்காதீங்க.

மெக்கானிக்குகள். எஞ்சின் ஓவர்ஹால், இன்ஜெக்டர், பம்ப், கிளட்ச், ரேடியேட்டர், சைலன்சர், ஆயில் மாத்துற வேலை எல்லாம் போயிடும். டயர், பாடி, கதவு, சஸ்பென்ஷன், ஸ்டீரிங், ஏசி வேலை அப்படியே இருக்கும், ஏசி இன்னும் கூடும். ஆகவே "இத்தனை பேர் உபரி"ன்னு தலையை எண்ணாம பிரிவுவாரியா எண்ணுங்க. எஞ்சின் பிரிவுல இருக்கிறவங்களை வண்டி வர்றதுக்கு ஆறு மாசம் முன்னாடியே பயிற்சிக்கு அனுப்பணும். உத்தரவாதக் காலத்துல தயாரிப்பாளர் ஆளே வந்து செய்வார்னு விட்டுட்டா, உத்தரவாதம் முடியுற அன்னிக்கு டிப்போவுல கையில திறமை இருக்கிற ஒருத்தரும் இருக்க மாட்டாங்க.

பயிற்சின்னா சான்றிதழ் மட்டும் இல்லை. இந்த வண்டியில 600-க்கு மேல நேர்மின் வோல்ட் ஓடுது. வேலை செய்யும் முறை: சாவியை அணைச்சு எடுத்து வேலை செய்றவர் தன் பையில வச்சுக்கணும். 24 வோல்ட் மெயின் சுவிட்ச் ஆஃப். சர்வீஸ் பிளக்கை (பெரிய பேட்டரி இணைப்பைத் துண்டிக்கிற பிளக்) கழட்டிப் பூட்டுப் போட்டுப் பெயர்ச்சீட்டு மாட்டணும். இன்வெர்ட்டர் கெப்பாசிட்டர் இறங்கக் கையேட்டுல சொன்ன நேரம், சாதாரணமா 5 முதல் 10 நிமிஷம், காத்திருக்கணும். 1000 வோல்ட் கையுறை போட்டு மீட்டரை முதல்ல தெரிஞ்ச மின்சாரத்துல சோதிச்சு, அப்புறம் வண்டியில அளந்து, மறுபடியும் தெரிஞ்ச மின்சாரத்துல சோதிக்கணும். கடைசி சோதனையை எல்லாரும் விட்டுடுறாங்க. மீட்டர் நடுவுல செத்துப்போயிருந்தா சுழியம்தான் காட்டும்.

வண்டி வழியில நிக்கிறதுக்குப் பெரிய பேட்டரி காரணமா இருக்கிறது குறைவு. இரண்டு காரணம் அதிகம். ஒன்று, 24 வோல்ட் பேட்டரி இறங்கிடும். பெரிய பேட்டரி 80 சதவீதம் இருந்தாலும் கான்டாக்டர் (பெரிய பேட்டரியை இணைக்கிற சுவிட்ச்) மூடாது, வண்டி அசையாது. இரண்டு, மழைக்காலத்துல இன்சுலேஷன் கோளாறு, அதாவது மின்சாரம் வண்டி உடம்புக்குக் கசியுறது. கூரை மேல இருக்கிற கனெக்டர்ல, ஏசி கம்ப்ரசர் பிளக்குல ஈரம் இறங்கும். வோல்ட்டுக்கு 500 ஓம், அதாவது 650 வோல்ட்ல 325 கிலோ ஓமுக்குக் கீழ போனா எச்சரிக்கை எரியும், சில வண்டி ஓடவே விடாது. வெயில் வந்ததும் தானா சரியாகிடும், டிப்போவுல "கோளாறு இல்லை"ன்னு எழுதி அனுப்பிடுவாங்க. அடுத்த மழைக்கு அதே வண்டி அதே இடத்துல நிக்கும். கனெக்டர் ஒவ்வொண்ணாப் பிரிச்சு, ரப்பர் சீல் மடிஞ்சிருக்கான்னு பாக்கிறதைத் தவிர வேற வழி கிடையாது.

---

பாதைசாரி

மூவருக்கும் நன்றி. "ஒரே இடத்தில் கோடு" விஷயத்தை நான் கவனிக்கவே இல்லை. என் வரைவில் டீசலுக்கு மட்டும் சுத்திகரிப்பு சேர்ந்திருந்தது. தீ பற்றியும் பயணிகள் பற்றியும் யாராவது சொல்ல முடியுமா? அக்கம்பக்கத்தார் கூட்டத்தில் முதலில் எழப்போகும் கேள்வி தீதான்.

---

ஐவோல்ட்

தீ விபத்து அடிக்கடி நடக்கிறதில்லை. நடந்தா அணைக்க நேரமாகும், அதுக்கு இடம் வேணும். 2021 செப்டம்பர்ல ஜெர்மனியோட ஷ்டுட்கார்ட் டிப்போவுல 25 பேருந்து எரிஞ்சது. ஒரு வண்டி எரிஞ்சதோட நிக்காம, ஒரே கூரைக்குக் கீழ நெருக்கி நிறுத்தியிருந்ததால பரவினதுதான் பாடம். 2022-ல பாரிசுல ஒரே மாசத்துல இரண்டு வண்டி எரிஞ்சதும் அந்த வகை 149 வண்டியையும் தற்காலிகமா ஓட்டத்துல இருந்து எடுத்தாங்க. அதனால அறிக்கையில "ஒரு வகை வண்டி முழுசா நின்னா சேவையை எப்படி ஓட்டுவோம்"னு ஒரு பத்தி வேணும்.

எல்.எஃப்.பி. செல் மற்ற வகையைவிட அதிக சூடு தாங்கும், ஆனா எரியாதுன்னு அர்த்தம் இல்லை. வரிசைக்கு வரிசை இடைவெளி, நடுவுல தீத்தடுப்புச் சுவர், திறந்த கூரை, அடிபட்ட வண்டியைத் தனியா நிறுத்த ஓரத்துல ஒரு இடம். வெளியில அணைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் மறுபடி பத்தும், அதனால அந்த இடத்துல இரண்டு மூணு நாள் கண்காணிப்பு. அணைக்கிற தண்ணி மழைநீர் வடிகாலுக்குப் போகக் கூடாது, தேக்கி வைக்கத் தொட்டி கட்டணும். தீயணைப்பு நிலையத்துக்கு வண்டியோட வெட்டக்கூடாத இடம் குறிச்ச படத்தை முன்கூட்டியே கொடுத்திடுங்க.

---

கைப்பிடி

பயணிகள் பக்கத்தில் இருந்து.

நல்லது முதலில்: எஞ்சினும் கியர்பாக்ஸும் போவதால் தரை முழுவதும் தாழ்தளமாக வைக்க முடியும். சக்கர நாற்காலிக்கும் தள்ளுவண்டிக்கும் இது புகையைவிடப் பெரிய மாற்றம். ஆனால் அது தானாக வராது. பழைய சேசிஸ் மேல் பேட்டரியை நடுவில் அடுக்கி, உயரமான படிக்கட்டோடு மின்பேருந்து விற்பவர்களும் இருக்கிறார்கள். தரை உயரம், சாய்தளம், முழங்கால் மடக்குவது போல வண்டி ஒரு பக்கம் தாழும் வசதி மூன்றையும் தனித்தனியே எழுதிக் கேளுங்கள். நிறுத்தத்தின் மேடை சரியில்லை என்றால் சாய்தளம் இருந்தும் பயனில்லை.

கெட்டது: முதல் சில மாதங்களில் நிற்கும் பயணிகள் விழுவது கூடும். ஆக்சிலேட்டரை விட்டதும் ரீஜென் பிடிக்கும், மிதித்ததும் பாயும். டீசல் வண்டியில் பழகிய டிரைவர் மிதியைப் பாதியில் விட்டு விட்டு மிதிப்பார். வண்டி தலையாட்டிக்கொண்டே போகும். தீர்வு இரண்டு. முடுக்கத்தின் உச்சத்தையும், அது ஏறும் வேகத்தையும் மென்பொருளில் கட்டுப்படுத்தச் சொல்வது ஒன்று. கம்பிகளை, முக்கியமாக முன்கதவுக்கும் முதல் இருக்கைக்கும் இடையில், கூட்டுவது இன்னொன்று. விழுந்தவர்களின் பதிவு இப்போது டிப்போவில் இருக்கிறதா? "விபத்து" என்ற தலைப்பில் வண்டி மோதியது மட்டும்தான் பெரும்பாலும் பதிவாகும். உள்ளே விழுந்தவர்களுக்கு மாற்றத்துக்கு முன்பே தனிப் பத்தி போடுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது.

எடை: பேட்டரி ஏறக்குறைய 2 டன். எஞ்சின், கியர்பாக்ஸ், டாங்க் போனதைக் கழித்தாலும் 1 முதல் 1.5 டன் கூடும். ஆளுக்கு 68 கிலோ என்றால் 15 முதல் 22 பேர் நிற்கும் இடம். கூட்ட நேரத்தில் இது யாருக்குப் போகும் என்றால் கடைசி நிறுத்தத்தில் காத்திருப்பவருக்கு. பின் அச்சில் 10 டன் 11 ஆனால் சாலைக்கு வரும் தேய்மானம் 46 சதவீதம் கூடும், ஏனென்றால் அது நான்காம் அடுக்கில் ஏறுகிறது. தாரில் நிறுத்தத்தின் முன் பள்ளம் விழுவதும், அதில் தேங்கிய தண்ணீர் காத்திருப்பவர் மேல் தெறிப்பதும் அங்கிருந்து வருவதுதான். நிறுத்தத்தின் முன் 15, 20 மீட்டருக்குக் கான்கிரீட் தளம் கேளுங்கள்.

இனி விட்டுப்போவது எது என்று கேட்டீர்களே, அது கடைசி டிரிப். 300 யூனிட்டில் பயன்படுத்தக்கூடியது 80 சதவீதம், 240. கி.மீ.க்கு 1.3 என்றால் 184 கி.மீ. முதல் நாளே 200 வராது, பகல் சார்ஜ் வேண்டும். பேட்டரி 80 சதவீதத்துக்குத் தேய்ந்தபின் 148 கி.மீ. அப்போது என்ன நடக்கும்? சார்ஜ் 20 சதவீதத்துக்கு இறங்கும் நேரம் இரவு 9 மணி. கட்டுப்பாட்டு அறை வண்டியை டிப்போவுக்குக் கூப்பிட்டுவிடும். 9.40-க்கு ஊர் ஓரத்துக்குப் போகவேண்டிய டிரிப் ரத்து. அதில் வருபவர்கள் கடை மூடிவிட்டு வருபவர்கள், இரண்டாம் ஷிப்ட் முடித்து வருபவர்கள், பெரும்பாலும் மாற்று வழி இல்லாதவர்கள். ஒரு நாளில் 98 சதவீத டிரிப் ஓடியது என்று அறிக்கை சொல்லும். விட்டுப்போன 2 சதவீதமும் ஒரே நேரத்தில், ஒரே பக்கத்தில் இருக்கும். ரத்தான டிரிப்புகளை மணிவாரியாக, தடவாரியாகக் காட்டாத அட்டவணையை ஏற்க வேண்டாம்.

டிரைவர் ஓய்வு: முனையத்தில் 15 நிமிடம் சார்ஜ் போடும் நேரத்தை ஓய்வு என்று கணக்கில் எழுதிவிடுவார்கள். கன் மாட்டி, தொடங்கியதா என்று பார்த்து, திரும்பக் கழற்றும் ஆள் ஓய்வில் இல்லை. கழிப்பறை எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

---

எதிர்வரி

கேட்கிறேன் என்று கோபப்பட வேண்டாம். அதே பணத்தில் 60-க்குப் பதில் 100 யூரோ 6 டீசல் வண்டி வாங்கினால் என்ன? கணக்கன் சொன்ன 0.8 தொகுப்பில் கார்பன் ஆதாயமே இல்லையே.

---

கணக்கன்

கோபம் எதற்கு, நல்ல கேள்வி. இதற்கு என்னிடம் ஒரு சோதனை இருக்கிறது. 0.5 தொகுப்பில் மின்பேருந்து கி.மீ.க்கு 0.49 கிலோ மிச்சம் பிடிக்கிறது. தனியாக ஒருவர் ஓட்டும் பெட்ரோல் கார் கி.மீ.க்குச் சுமார் 0.17 கிலோ விடும். அதாவது ஒரு பேருந்தில் இருந்து மூன்று பேர் காருக்கு மாறினால் 0.51. மிச்சம் முழுவதும் போய்விட்டது. வண்டி எண்ணிக்கையைக் குறைத்து, காத்திருக்கும் நேரத்தை 8 நிமிடத்தில் இருந்து 12 ஆக்கும் எந்தத் திட்டமும் இந்தச் சோதனையில் தோற்கும்.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: டிரிப் குறையாமல் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் நெரிசல் தடங்களின் யூரோ 3 வண்டிகளை மட்டும் முதலில் மின்னாக்குங்கள், யூரோ 6 வண்டிகள் ஆயுள் முடியும்வரை ஓடட்டும். 0.8 தொகுப்பில்கூடப் புகை மூக்கருகே இருந்து விலகுகிறது என்பது உண்மையான ஆதாயம். ஆனால் அது மின்நிலையத்தைச் சுற்றி இருப்பவர்கள் பக்கம் கொஞ்சம் நகர்கிறது என்பதையும் அதே பத்தியில் எழுத வேண்டும்.

100 டீசல் வண்டிக்கு 100 டிரைவர் வேண்டும் என்பதை நீங்கள் கணக்கில் விட்டுவிட்டீர்கள்.

---

இரட்டைக்கம்பி

நடுவில் ஒன்று. நிறைய வண்டி ஒரே சாலையில் சேரும் தடம் இருந்தால், அந்தப் பகுதிக்கு மட்டும் மேலே கம்பி போட்டு ஓடும்போதே சார்ஜ் ஏற்றும் டிராலிபஸ்ஸையும் பரிசீலியுங்கள். பாதி பேட்டரி போதும், முனையத்தில் நிற்கத் தேவையில்லை. கம்பி அழகில்லை என்பார்கள், 2 டன் பேட்டரி கண்ணுக்குத் தெரிவதில்லை அவ்வளவுதான்.

---

கைப்பிடி

ஒப்பந்த முறையையும் பாருங்கள். 2018 இறுதியில் சிலி நாட்டுச் சாண்டியாகோவில் முதல் பெரிய தொகுதி வந்தபோது மின் நிறுவனங்கள் வண்டியை வாங்கி, ஓட்டுபவருக்குக் குத்தகைக்கு விட்டன. முதலீட்டுச் சுமை பிரிந்தது நல்லது. எந்த முறையானாலும், கி.மீ.க்கு இவ்வளவு என்று மட்டும் பணம் கொடுத்தால் கூட்டம் ஏறினாலும் இறங்கினாலும் ஓட்டுபவருக்கு ஒன்றுதான், நிறுத்தத்தில் நிற்காமல் போகவும் தயங்க மாட்டார். நேரத்துக்கு வந்தது, கதவு திறந்தது, சாய்தளம் வேலை செய்தது ஆகியவற்றுக்கும் தொகையில் பங்கு வேண்டும். டிரைவர் நேரடிப் பணியில் இருந்து ஒப்பந்தத்துக்கு மாறுகிறார் என்றால் அதைச் சுற்றுச்சூழல் திட்டத்தின் உள்ளே ஒளிக்காமல் சமூக விளைவு என்ற தலைப்பிலேயே எழுதுங்கள்: சம்பளம், வேலை நேரம், விடுப்பு.

---

புகைக்குழாய்

பேட்டரியின் முன்னும் பின்னும் இரண்டு வரி. எல்.எஃப்.பி. என்பதால் கோபால்ட், நிக்கல் கேள்வி உங்களுக்கு இல்லை. காங்கோ சுரங்கங்கள் பற்றிய பத்தியை வேறு அறிக்கையில் இருந்து எடுத்து ஒட்டிவிடாதீர்கள். லித்தியம், செம்பு, கிராபைட் கேள்வி இருக்கிறது. அதே எல்.எஃப்.பி.யில் விலைமதிப்புள்ள உலோகம் குறைவு என்பதால் மறுசுழற்சிக்காரர் தானாக வந்து தூக்கிச்செல்ல மாட்டார். யார் திரும்ப எடுப்பார், யார் செலவில், எத்தனை நாளில் என்பது கொள்முதல் ஒப்பந்தத்திலேயே வேண்டும். அளவுகோல் தேவை என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டுப் பேட்டரி ஒழுங்குமுறையைப் பாருங்கள்: கழிவுப் பேட்டரியில் இருந்து லித்தியம் 2027 இறுதிக்குள் 50 சதவீதம், 2031 இறுதிக்குள் 80 சதவீதம் மீட்க வேண்டும். செல் அளவிலான சார்ஜ் வரலாற்றைத் தரவாகக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். அது இல்லாத பழைய பேட்டரியை இரண்டாம் பயன்பாட்டுக்கு வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம்.

---

பாதைசாரி

ஒரே ஒரு சந்தேகம். ஐவோல்ட் சொன்ன 290 யூனிட்டில் ஏசி சேர்ந்ததா? இப்போதைய டீசல் வண்டிகளில் ஏசி கிடையாது, புதியவற்றில் உண்டு.

---

ஐவோல்ட்

சேரலை. கி.மீ.க்கு 1.3-க்குப் பதில் 1.6 போடுங்க. 320 யூனிட், மீட்டரில் 356, மொத்தம் 21,300, சராசரி 3.6 மெகாவாட். நான் சொன்ன 3.5-க்குள்ள அடங்காது, பகல் சார்ஜுக்கு ஒரு பங்கைத் தள்ளுங்க. கைப்பிடி சொன்ன 148 கி.மீ. இதுல 120 ஆகும்.

---

கணக்கன்

அப்படியானால் என் அட்டவணையும் மாறும். 0.5 தொகுப்பில் 0.81 என்பது கிட்டத்தட்ட 1.0, மிச்சம் 0.3. பேட்டரிக் கடன் தீர 75,000 கி.மீ., ஒரு வருடத்துக்குச் சற்று மேல். 0.8 தொகுப்பில் ஏசி இல்லாத டீசலைவிட ஏசி மின்பேருந்து அதிகம் விடும். ஏசி உள்ள டீசலோடு ஒப்பிட்டுத் தப்பிக்கப் பார்ப்பார்கள். நீங்கள் கழிக்கும் வண்டியோடுதான் ஒப்பிட வேண்டும். ஏசியால் காரில் இருந்து பேருந்துக்கு வருபவர்கள் இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். அதற்கு முன்பும் பின்பும் ஒரே நிறுத்தங்களில், ஒரே வாரநாளில் "இதற்கு முன் எதில் போனீர்கள்" என்று கேட்டு எடுத்த எண் வேண்டும். மூன்று பேருக்கு 0.51 என்ற அதே கணக்கு இந்தப் பக்கமும் வேலை செய்யும்.